உங்கள் அக்காவின் டூபாவுக்கு ஒரு மவுத்பீஸ்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் அக்கா நலம். டூபாவும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, அதற்குள் உங்கள் ஊரிலுள்ள பெரிய இசைக்கருவிக் கடையிலிருந்து எனக்கு ஒரு பொருள் வாங்கி அனுப்பியாக வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் தசமப் புள்ளி தங்காது. பம்பு தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் நான் இருந்த காலத்தில் யாரோ போனில் அளவு சொல்லி நானூறு மூடிகள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்றுகூட எதையும் மூடவில்லை. அன்றிலிருந்து எனக்கு அளவு என்றால் எழுத்தில்தான்.

டூபாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேண்டு வாத்தியக் குழுவில் கடைசி வரிசையில் பித்தளை அண்டா ஒன்று வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்க்குமே, அதற்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாதே, அதுதான். இப்போது அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் உங்கள் அக்கா. முப்பது வருடம் நகராட்சி நீச்சல்குளத்தில் மேற்பார்வையாளராக விசில் ஊதிய மனுஷி, ஓய்வு பெற்றால் ஓய்வெடுப்பாள் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற மறுவாரமே நகர பேண்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள். சேர்ந்தவள் புல்லாங்குழல் மாதிரி அடக்கமாக ஒன்றைக் கேட்கக் கூடாதா? இருப்பதிலேயே பெரிய டூபாவைக் காட்டி அதுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஏன் என்றேன். "முப்பது வருஷம் சின்னதா ஊதியாச்சுங்க. இனிமே பெருசா ஊதணும்" என்றாள். அந்த அண்டாவை முதல் நாள் மடியில் வைத்துக்கொண்டபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாப்பிள்ளை. எங்கள் கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து அப்படி ஒரு முகம் அவள் காட்டியதில்லை. நான் கல்யாணப் போட்டோக்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சிக்கல் என்னவென்றால் டூபா இருக்கிறது, அதற்கு வாய் இல்லை. உதட்டை வைத்து ஊதுகிற கிண்ணம் போன்ற முனை ஒன்று உண்டு, மவுத்பீஸ் என்பார்கள், அதைக் கழற்றி மாட்டலாம். இதற்கு முன் இதை வாசித்தவர் ஒரு லாரி ஓட்டுநர். மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவானதும், "வாத்தியம்தான் பேண்டு சங்கத்தோடது, இதுல இருக்கறது என் எச்சில்" என்று சொல்லி மவுத்பீஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நியாயம்தான். அதனால் உங்கள் அக்காவுக்குப் புதிதாக ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அவசரம் என்னவென்றால், நான் மேலே சொன்ன வெள்ளியை ஒட்டி வருகிற ஞாயிறு, பூங்காவில் கச்சேரி. அதில் ஓரிடத்தில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட, டூபா மட்டும் அடிக்குரலில் ஒரே சுரத்தை எட்டு எண்ணும் வரை பிடித்து நிற்க வேண்டும். ஒத்திகையில் இரவல் மவுத்பீஸை மாட்டி ஊதிப் பார்த்த உங்கள் அக்கா அதை மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிட்டாள். பேண்டு மாஸ்டர் தொழிலால் பல் டாக்டர், ஆகவே வலி தெரியாமல் சொல்லப் பழகியவர். "பல்லு நல்லா இருக்கு, மூச்சு ரொம்ப நல்லா இருக்கு, சுரம்தான் நிக்கல. கச்சேரிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒத்திகையிலயும் நிக்கலைன்னா டூபாவை நம்ம குழுவுல இருக்கற பேக்கரிக்காரர்கிட்ட குடுத்துடறேம்மா. வருத்தப்படாதீங்க, ஜால்ரா போட ஆள் வேணும்" என்றார். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் எனக்கு ஒரு நாளும் ஜால்ரா போடாதவளைப் பார்த்து அந்த மனுஷன் இப்படிச் சொல்லலாமா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் வாக்குக் கொடுத்தேன்: "நீ கவலைப்படாதே. மவுத்பீஸ் என் பொறுப்பு. முப்பத்து நாலு வருஷம் பம்பு பரிசோதிச்சவன், ஒரு பித்தளைக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேனா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. இங்கே கூடம் நிஜமாகவே கோணல், அதை நான் அளந்தே காட்டுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்க் கடைக்குப் போனோம். சின்னக் கடை. கிட்டார் கம்பியும் குழந்தைகள் ஊதுகிற பிளாஸ்டிக் குழலும்தான் அங்கே அதிகம். கடைக்காரர் பெட்டியைக் குடைந்து பதினொரு டூபா மவுத்பீஸ்களை எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் அவர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுக்க, உங்கள் அக்கா மாட்டி ஊத, நான் அவளுக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று குறித்துக்கொண்டேன். நாலு பத்தி போட்டிருந்தேன்: சத்தம், நிலைப்பு, உதட்டு நடுக்கம், பொது அபிப்பிராயம். ஒன்றாம் எண் மூன்று எண்ணிக்கை நின்றது, நடுக்கம் மிதம். இரண்டாம் எண் இரண்டரை, நடுக்கம் அதிகம், தோள் வரை பரவுகிறது. மூன்றாம் எண் ஊதும்போது கடையின் கண்ணாடி அலமாரி நடுங்கியதா உதடு நடுங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அதனால் கேள்விக்குறி. நாலாம் எண்ணுக்கு வரும்போது ஸ்கூட்டரை வழியில் நிறுத்தியிருக்கிறேன் என்று வெளியிலிருந்து யாரோ சத்தம் போட, போய் நகர்த்திவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் கடைக்காரர் கையைக் கொட்டிக்கொண்டு நிற்கிறார். "இப்ப வந்துதுங்க சார்! என்னா சுரம்! பத்து எண்ணினேன்!" என்கிறார். நான் எதிரே இருக்கும்போது ஊதச் சொன்னேன். இரண்டு எண்ணிக்கையில் புஸ்ஸென்று போயிற்று. "பார்த்தீங்களா?" என்றேன். நான் பார்க்காத பம்பை நான் ஒரு நாளும் 'சரி' என்று முத்திரை போட்டதில்லை, காது கேட்காத சுரத்துக்கு எப்படிப் போடுவேன்? வியாபாரிகள் பொருளைத் தள்ள எதையும் சொல்வார்கள். ஆனாலும் நல்ல மனுஷன், பேண்டுக்காரர்கள் என்பதால் பதினொன்றையும் பெட்டியோடு கொடுத்து வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்கச் சொன்னார்.

வீட்டில் நான் ஆராய்ச்சியை முறைப்படுத்தினேன். பெரிய வாத்தியத்துக்குப் பெரிய வாய் என்பதுதான் என் முதல் கொள்கை, பெரிய பம்புக்குப் பெரிய குழாய் போடுகிற மாதிரி. ஆகவே பதினோராம் எண், இருப்பதிலேயே அகலம், இருப்பதிலேயே ஆழம். அதை உங்கள் அக்கா வைத்தால் மூக்கின் நுனியும் கூடவே உள்ளே போகிறது. ஊதினால் குளியல் தொட்டியில் அடைப்பை எடுத்துவிட்ட சத்தம். கொள்கையை மாற்றி, உதட்டின் அளவுக்குத் தகுந்த கிண்ணம் என்று யோசித்தேன். ஆனால் உதட்டை அளக்கலாம் வா என்றால் அவள் நிற்க மாட்டேன் என்கிறாள். மத்தியானம் அவள் சோபாவில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தொழிற்சாலையில் பிரிவு உபசாரத்தன்று எனக்குக் கொடுத்த வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்து மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே மெல்ல வைத்தேன். இரும்பு ஜில்லென்று பட்டதும் கண்ணைத் திறந்தாள். "என்னங்க பண்றீங்க?" "அசையாதே, தசமப் புள்ளி போயிடும்." "எழுந்தேன்னா உங்க தசமப் புள்ளி எல்லாமே போயிடும்" என்றாள். போயிற்று. ஆனாலும் முழு எண்ணைக் காப்பாற்றிவிட்டேன்.

அடுத்தது மோட்டார் விவகாரம். ஐந்தாம் எண்ணின் கிண்ணம் ஆழம், சத்தம் கனமாக, அடியிலிருந்து வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வந்தது. எங்கள் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் தண்ணியில்லாமல் ஓடினால் எப்படி உறுமுமோ அச்சு அசல் அப்படி. மேல் மாடியிலிருக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர் பதறிப்போய் ஓடி வந்து மோட்டார் சுவிட்சை அணைத்திருக்கிறார். சத்தம் நிற்கவில்லை. மெயினையே அணைத்தார். அப்போதும் நிற்கவில்லை. என்னிடம் ஓடி வந்தார், பம்பு தெரிந்த ஒரே ஆள் நான்தானே. நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பெண்டாட்டி முன்னறையில் டூபா ஊதிக்கொண்டிருக்க, டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்கு இறங்கிப் போய், அதன்மேல் காதை வைத்து, "பேரிங் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, மோட்டாரைக் கழற்றிவிட்டேன். மறுநாள் சாயந்திரம் வரைக்கும் எட்டு வீட்டுக்கும் தண்ணி இல்லை. கழற்றின பேரிங்கைத் துடைச்சுப் பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கு. திரும்ப மாட்டினேன். வாளியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினவங்க யாரும் இப்ப வரைக்கும் என்னோடு பேசறதில்லை, ஆனா உங்க அக்காவைப் பார்த்தா மட்டும் "நேத்து ரொம்ப நல்லா வந்துதுங்க" என்று சொல்லிட்டுப் போறாங்க. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நான் கீழே மோட்டார் அறையில் இருந்தபோது வந்ததைச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. கணக்கில் சேராது.

உரலுக்குள் தலையை விட்டாகிவிட்டது, இனி உலக்கைக்குப் பயந்து என்ன பயன்? ஏழாம் எண்ணை எடுத்தேன். அதன் விளிம்பு உருண்டையாக, உதட்டில் இதமாக உட்கார்ந்தது, ஆனால் தண்டு, அதாவது வாத்தியத்துக்குள் நுழைகிற பாகம், ஒல்லி. லொடலொடவென்று ஆடியது. பம்புக்காரன் புத்தி எங்கே போகும்? குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி உள்ளே செருகி, மரச்சுத்தியால் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டினேன். மூன்றாவது தட்டு கொஞ்சம் செல்லம் குறைவு. அவ்வளவுதான், மவுத்பீஸ் உள்ளே போய்க் குடியேறிவிட்டது. நான் இழுத்தேன், வரவில்லை. உங்கள் அக்கா டூபாவைக் கட்டிப் பிடித்துக்கொள்ள நான் இழுத்தேன், டூபாவும் உங்கள் அக்காவும் சேர்ந்து வந்தார்கள். கடைசியில் அந்தப் பத்துக் கிலோவையும் வாடகை வேனில் ஏற்றி பேண்டு மாஸ்டரின் பல் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். வரவேற்பறையில் டூபாவுக்கென்று தனி நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். டோக்கன் எண் பதினாலு. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் அதன் வாயை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி என்னுது ஒண்ணுமே இல்லீங்க" என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நர்ஸ் "பதினாலு" என்று கூப்பிட, டூபாவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தோம். டாக்டர் விளக்கைத் திருப்பி அடித்து, கையுறை மாட்டி, "எத்தனை நாளா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். அப்புறம் ஒரு திருகுப் பிடியை மாட்டி, முழங்காலை நாற்காலியில் முட்டுக் கொடுத்து, "சின்ன வலிதான், சின்ன வலிதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு திருகு. பட்டென்று வந்தது. உங்கள் அக்கா அதன் பித்தளைக் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நீங்க கொஞ்ச நாள் இதுல தலையிடாம இருந்தா என்ன?" என்றார். அவர் பேக்கரிக்காரரின் ஆள் என்று அப்போதே எனக்குப் புரிந்துபோயிற்று.

தலையிடாமல் எப்படி இருப்பது மாப்பிள்ளை? இந்த மூன்று வாரத்தில் நான் ஒரு நாள்கூட அவளைத் தனியாக ஊத விட்டதில்லை. பேண்டு ஒத்திகையிலும் முன்வரிசையில் நான்தான். அவள் மூச்சை இழுப்பாள், ஊதுவாள், ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன், மூன்று வருவதற்குள் அவள் என்னைப் பார்ப்பாள், உதடு நடுங்கும், தோள் குலுங்கும், சுரம் உடைந்து போகும். உடனே டூபாவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அழுகிறாள். எனக்குத் தெரியாமல் அழுகிறாள். நீச்சல்குளத்தில் ஒருவன் மூழ்கியபோது விசிலைத் துப்பிவிட்டுக் குதித்துத் தூக்கி வந்தவள், ஒரு பித்தளைக் கிண்ணத்துக்காக அழுகிறாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்தில் பேக்கரிக்காரர் உட்கார்ந்து ஊதினால் நான் இனி இந்த ஊரில் ரொட்டியே வாங்க மாட்டேன்.

ஆகவே பதினொன்றையும் ஒவ்வொன்றாக நிராகரித்து, ஒவ்வொன்றின் குறையையும் கழித்து, சரியான மவுத்பீஸ் எப்படி இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டேன். தயவுசெய்து எழுத்துக்கு எழுத்து கடைக்காரரிடம் காட்டவும். விளிம்பின் உள்விட்டம் முப்பத்திரண்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர். முப்பத்திரண்டு புள்ளி ஐந்து என்று ஒன்றைக் காட்டி ஏமாற்றுவார்கள், விடாதீர்கள். விளிம்பு உருண்டை. கிண்ணம் ஆழம், ஆனால் மோட்டார் அளவுக்கு ஆழம் வேண்டாம். தண்டு தடித்த ரகம், பெரிய டூபாவுக்கானது என்று கேட்கவும், ஓரங்குலம் உள்ளே போய் ஆடாமல் நிற்க வேண்டும். வெள்ளி முலாம். வாங்கிய கையோடு கூரியரில் போட்டு வியாழனுக்குள் என் கைக்கு வரும்படி செய்தால், உங்கள் அக்காவின் முகத்தில் அந்த முதல் நாள் சந்தோஷத்தை மறுபடி பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைக்கும். அதற்காக உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை ஆயுள் முழுக்க இலவசமாகப் பார்த்துத் தருகிறேன், கழற்றாமல்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நீண்ட மூச்சோடும் உறுதியான பல்லோடும் பல்லாண்டு வாழ வேண்டும். உங்கள் எல்லாக் காரியமும் முதல் பரிசோதனையிலேயே தேறட்டும்.

இப்படிக்கு,
பொறுப்பேற்றுக்கொண்டுவிட்ட உங்கள் அத்தான்

பி.கு. வாங்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்காக உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடித்து உறையில் போட்டுப் பசை தேடும்போது முன்னறையிலிருந்து ஒரு சுரம் வந்தது. கதவிடுக்கு வழியாக இல்லை, தரை வழியாக வந்து என் உள்ளங்காலில் ஏறியது. கையிலிருந்த உறையை அப்படியே பிடித்துக்கொண்டு எண்ணினேன். எட்டு. ஒன்பது. பன்னிரண்டு. பதினாலு எண்ணும் வரை அசையாமல் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து "எத்தனாம் எண்?" என்றேன். உடைந்துபோயிற்று. "தெரியலீங்க, கைக்கு வந்ததை எடுத்தேன்" என்றாள். கதவைச் சாத்தினேன், சுரம் நிலைத்து நின்றது. திறந்தேன், உடைந்தது. எதையும் மூன்று முறை சோதிக்காமல் நம்ப மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், மூன்று முறையும் அதே. வேறு மவுத்பீஸை மாட்டச் சொன்னேன். அதற்கும் அதே. ஏழாம் எண்ணைத் தவிர பத்துக்கும் அதே.

கடைசியில் அவள் டூபாவைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், மூன்று வாரமாக அடக்கிவைத்த சிரிப்பு. "நான் ஊதும்போது நீங்களும் எதிர்ல நின்னு கன்னத்தை உப்பிக்கிட்டு, கண்ணை உருட்டிக்கிட்டு கூடவே ஊதறீங்க! மூக்கு வேற செவந்து போகுது! உதட்டுல சிரிப்பு வந்துட்டா காத்து எப்படிங்க நிக்கும்?" என்றாள். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். "மூணு வாரமா எனக்காக அலையறீங்க. உங்களைப் போய் வராதீங்கன்னு எப்படிங்க சொல்றது? டூபா போனாலும் போகட்டும்னு இருந்துட்டேன்" என்றாள்.

கண்ணாடி முன் நின்றுகொண்டு அவளை ஊதச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். என் கன்னம் பக்கத்துக்கு இரண்டு புள்ளி நாலு சென்டிமீட்டர் உப்புகிறது. முப்பத்து நாலு வருட உத்தியோகத்தில் பத்து நல்ல உருப்படிகளை ஒன்றுவிடாமல் நிராகரித்தது இதுதான் முதல் தடவை, வெட்கித் தலைகுனிய வேண்டும். ஆனா உண்மையைச் சொல்லட்டுமா மாப்ளே, சந்தோஷம் தாங்கல. முப்பத்தொரு வருஷத்துக்கு அப்புறமும் என் மூஞ்சியைப் பார்த்தா ஒருத்திக்கு மூச்சு விட முடியாத அளவுக்குச் சிரிப்பு வருதுன்னா, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நான் போகப்போவதில்லை, தியாகம் செய்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு நான் வந்தே ஆக வேண்டும், அதுவும் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்கிறாள் உங்கள் அக்கா. ஆகவே எதையும் வாங்காமல், இந்தக் கடிதம் கிடைத்ததும் நீங்களே புறப்பட்டு வாருங்கள். அந்தச் சுரம் வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கன்னத்தை நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வலதை நான் பார்த்துக்கொள்கிறேன்.